வௌவால்கள் இல்லாத மாதங்கள்

வரைபடத்தில் ஜாம்பியாவைப் பார்த்தால், காங்கோ நாட்டின் ஒரு நாக்கு வடக்கேயிருந்து உள்ளே நீண்டு, அதை ஏறக்குறைய இரண்டாகப் பிளந்திருப்பது தெரியும். ஐரோப்பியர்கள் ஆப்பிரிக்காவைப் பங்கு போட்டபோது விழுந்த கோடு அது. அந்த நாக்கின் கிழக்கு ஓரத்துக்கு அருகில் இருக்கிறது கசாங்கா தேசியப் பூங்கா. பரப்பு சுமார் 400 சதுர கிலோமீட்டர். அதே நாட்டின் கஃபுவே பூங்கா 22,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டும் என்பதை நினைத்துக்கொண்டால் இது எவ்வளவு சிறியது என்று புரியும்.

ஆப்பிரிக்கக் காட்டுப் பயணம் என்றதும் நம் மனத்தில் எழும் காட்சிகள் இங்கே இல்லை. புல்லில் சாய்ந்து கிடக்கும் சிங்கக் கூட்டம் இல்லை. அடிவானம்வரை நீளும் மந்தைகள் இல்லை. மியோம்போ என்று சொல்லப்படும் மரவனம், சதுப்பு, சில சிற்றாறுகள், பாப்பிரஸ் கோரை. அந்தக் கோரைக்குள் நீரில் ஒளிந்து நிற்கும் சிட்டாடுங்கா என்கிற சதுப்பு மான். சேற்றில் புதையாமல் நடப்பதற்கென்றே அதன் குளம்புகள் நீண்டு விரிந்திருக்கும். ஆற்றோரத் தரையில் மேயும் பூக்கு மான்கள். அங்கங்கே யானை.

நான் அங்கே போனதில்லை. படித்ததும், படங்களில் பார்த்ததும்தான். போகாத ஓர் இடம் ஏன் இப்படி மனத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது என்று யோசித்தபோது எழுதி வைத்தவை இவை.

*

பூங்காவுக்குள் ஓடையை ஒட்டி ஒரு சதுப்புக் காடு உண்டு. முஷிட்டு என்பார்கள். சுற்றிலுமுள்ள மியோம்போ கோடையில் இலையுதிர்த்து வெளிச்சமாகிவிட்டாலும் முஷிட்டு பச்சை மாறாமல் இருண்டே நிற்கும். அதன் வேர்கள் எப்போதும் ஈரத்தில். அதிகப் பரப்பெல்லாம் இல்லை, சில ஹெக்டேர்.

அக்டோபர் நடுவில் முதல் வௌவால்கள் வந்து சேரும். வைக்கோல் நிறப் பழந்தின்னி வௌவால் என்று பெயர். கழுத்திலும் முதுகிலும் அந்த நிறம். எடை கால் கிலோவை ஒட்டி. சிறகு விரித்தால் முக்கால் மீட்டர். முதலில் கொஞ்சமாக வரும், பிறகு ஒவ்வோர் இரவும் கூடும். நவம்பரில் காட்டின் ஒவ்வொரு கிளையிலும் கொத்துக் கொத்தாகத் தொங்கும். ஒன்றன்மேல் ஒன்று பற்றிக்கொண்டு தொங்குவதால் பாரம் தாங்காமல் கிளைகள் முறியும். பட்டப்பகலில் கிளை முறிந்து விழ, ஆயிரக்கணக்கில் எழுந்து சுற்றி, இடமில்லாமல் மறுபடி எங்கேயாவது தொற்றிக்கொள்ளும். கீழே விழுந்தவற்றுக்காக முதலையும் உடும்பும் மலைப்பாம்பும் காத்திருக்கின்றன. மேலே கழுகுகள். மார்ஷியல் கழுகு, மீன்பிடிக் கழுகு எல்லாம் அந்த வாரங்களில் இங்கேதான்.

மாலை ஆறு மணி வாக்கில் அவை கிளம்பும். ஒரு சில முதலில், அப்புறம் ஓர் ஆறு. அரை மணி நேரம் வானம் நிறைந்து ஓடும். இதைப் பார்ப்பதற்காக உயரமான மரங்களில் மரப்பலகை மேடைகள் கட்டியிருக்கிறார்கள். விடிவதற்கு முன் அத்தனையும் திரும்பி, அதே சில ஹெக்டேருக்குள் புகுந்துகொள்ளும். டிசம்பர் பின்பாதியில் காடு காலியாகிவிடும்.

ஒலிப்பதிவுகளில் கேட்டால், சிறகுச் சத்தத்தைவிடச் சண்டைச் சத்தம்தான் அதிகம். இடம் பிடிக்கிற சண்டை.

*

எத்தனை வௌவால்கள்?

வெகு காலம் புழக்கத்தில் இருந்த விடை, எண்பது லட்சம் முதல் ஒரு கோடி வரை. உலகின் மிகப் பெரிய பாலூட்டி இடப்பெயர்வு என்ற பட்டமும் அந்த எண்ணை வைத்துத்தான் வந்தது. செரங்கெட்டியின் வில்டபீஸ்ட் பயணத்தில் சுமார் பதின்மூன்று லட்சம் விலங்குகள் என்பார்கள். ஒரு கோடிக்கு முன்னால் அது என்ன?

2023-இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் விலங்கு நடத்தை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பென் கோகர், டீனா டெக்மன் முதலானோர். அவர்கள் செய்தது எளிமையானது. யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கக்கூடிய சின்ன கோப்ரோ கேமராக்களைக் காட்டைச் சுற்றி வட்டமாக, வானத்தைப் பார்த்தபடி வைத்தார்கள். மாலையில் வௌவால்கள் தலைக்கு மேல் கடந்து போவது பதிவாயிற்று. பதிவில் உள்ள ஒவ்வொரு வௌவாலையும் கணினி நிரல் அடையாளம் கண்டு எண்ணியது. கேமராக்களுக்கு இடையில் விட்டுப்போன வெளியை ஈடுசெய்யவும் வழி கண்டார்கள்: படத்தில் சிறகு எவ்வளவு சிறிதாகத் தெரிகிறதோ அவ்வளவு உயரத்தில் அது பறக்கிறது, உயரம் தெரிந்தால், கேமரா வட்டத்தின் எவ்வளவு பகுதியைப் பார்த்தது என்பதும் தெரியும். விடை ஏழரை லட்சத்துக்கும் பத்து லட்சத்துக்கும் இடையில் வந்தது.

கோடி, லட்சமாயிற்று.

இதைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது வருத்தம். ஏதோ ஒன்றைப் பறிகொடுத்த மாதிரி. ஆனால் எண் மாறியதால் ஒரு வௌவாலும் குறைந்துவிடவில்லை. இதற்கு முன் சொன்னவர்கள் பொய் சொன்னவர்களும் அல்லர். அந்தி வெளிச்சத்தில், எல்லாத் திசையிலும், அரை மணிக்குள் நடந்து முடியும் ஒன்றைக் கண்ணால் எண்ணச் சொன்னால் யாரும் கொஞ்சத்தை எண்ணி மீதியைப் பெருக்கத்தான் செய்வார்கள். பெருக்கும் இடத்தில் மனத்தின் பிரமிப்பும் சேர்ந்து பெருகிவிடுகிறது. இத்தனைக்கும் புதிய எண்ணிலும் இதுதான் இந்த வௌவாலினத்தின் ஆகப் பெரிய கூட்டம்.

வருத்தம் போன பிறகு வேறொன்று புரிந்தது. பழைய கணிப்புகள் பத்து லட்சத்திலிருந்து ஒரு கோடிவரை அலைந்துகொண்டிருந்தன. பத்து மடங்கு தளர்வுள்ள அந்த அளவுகோலை வைத்துக்கொண்டிருந்த வருடங்களில் கூட்டத்தில் பாதி செத்துப்போயிருந்தாலும் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. பெரிய எண் ஒரு போர்வையாக இருந்திருக்கிறது. சிறிய எண் வந்த பிறகுதான் குறைகிறதா, கூடுகிறதா என்று கேட்கவே முடிகிறது. அதுவும் அதே முறையில் மறுபடி மறுபடி எண்ணினால்தான்.

எனக்கிருக்கும் கவலை வேறு. ஒரு கோடி என்று போட்ட பழைய செய்தியையும் பத்து லட்சம் என்று போட்ட புதிய செய்தியையும் அடுத்தடுத்துப் படிக்கும் யாரோ, பத்தில் ஒன்பது வௌவால்கள் அழிந்துவிட்டன என்று எழுதப்போகிறார். அதை மறுக்கிற வேலை இன்னும் பல வருடம் நடக்கும்.

*

பத்து லட்சம் என்றே வைத்துக்கொள்வோம். தலைக்குக் கால் கிலோ என்றால் 250 டன். சில ஹெக்டேர் மரங்களில் 250 டன் எடை பகல் முழுதும் தொங்குகிறது. கிளைகள் முறியாமல் என்ன செய்யும்?

இரவில் அவை தின்னப் போகின்றன. கோடையின் உச்சத்தில், முதல் மழைக்கு முன்பே மியோம்போ மரங்கள் துளிர்விடும். தளிர் பச்சையாக வராது. செம்பும் கருஞ்சிவப்புமாக வரும். அதைத் தொடர்ந்து காட்டுப் பழங்கள் பழுக்கும் பருவம். மசூக்கு முக்கியமானது, உள்ளே இனிப்பான மஞ்சள் சதை கொண்ட உருண்டைப் பழம். தாவரவியல் குடும்பத்தில் அது நம் நெல்லிக்கு உறவு. ஓடையோரங்களில் நாவல் இனத்து மரங்கள். வௌவால்கள் கசாங்காவைத் தேடி வருவது இந்தப் பழங்களுக்காக. எல்லா மரமும் ஒரே சமயத்தில் பழுத்துக் கொட்டும் அந்தச் சில வாரங்களில்தான் இத்தனை வாய்களுக்கு அந்த நிலம் சோறு போட முடியும்.

தின்றதற்கு அவை கொடுப்பதும் உண்டு. பெரிய கொட்டையுள்ள பழத்தைக் கவ்விக்கொண்டு பக்கத்து மரத்துக்குப் போய்த் தின்றுவிட்டுக் கொட்டையைப் போடும். அத்தி போன்றவற்றின் பொடி விதைகள் வயிற்றுக்குள் போய்விடும். பறந்துகொண்டே கழிக்கும்போது வெகுதூரம் தள்ளி விழும். 75 கிலோமீட்டர்வரை போகலாம் என்று கானாவில் செய்த ஆய்வு சொல்கிறது. அதே கானாவின் தலைநகர் அக்ராவில் தங்கும் சுமார் 1,52,000 வௌவால்கள் ஒரே இரவில் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட சிறு விதைகளைப் பரப்பக்கூடும் என்றும், அது 800 ஹெக்டேர் வெற்று நிலத்தில் காடு எழ வழிசெய்யும் என்றும் 2019-இல் ஒரு கணக்கு வந்தது. குரங்கும் பெரும்பாலான பறவைகளும் மரமில்லாத வெளியைக் கடக்கத் தயங்கும். வௌவால் தயங்குவதில்லை. வெட்டப்பட்ட காட்டுக்கும் வெட்டப்படாத காட்டுக்கும் நடுவில் இரவெல்லாம் போக்குவரத்து வைத்திருப்பது அதுதான்.

*

ஜனவரி. காடு காலி. கீழே எருவும் முறிந்த கிளைகளும். மழை கொட்டுகிறது. பிப்ரவரி, மார்ச், ஏப்ரலிலும் பார்க்க ஒன்றுமில்லை. இந்தக் காட்டைக் காப்பது என்றால் முக்கியமாக இந்த மாதங்களில் காப்பது. ஒரு வௌவாலும் இல்லாதபோது.

மே மாதத்தில் மழை விட்டுப் புல் காயத் தொடங்கும். அப்போதே, புல் அரைகுறையாக ஈரமாய் இருக்கும்போதே, காவலர்கள் திட்டமிட்டுத் தீ வைப்பார்கள். ஈரப் புல்லில் தீ தவழ்ந்து போகும், மரத்தில் ஏறாது. அப்படி முன்கூட்டியே எரித்து வைத்த நிலத்தில், செப்டம்பர் அக்டோபரில் யாரோ தேனெடுக்கவோ எலி பிடிக்கவோ வைத்த தீ வந்தால் தின்ன ஒன்றும் இல்லாமல் நின்றுவிடும். எரிக்காமல் விட்டால் அந்தக் கடைசிக் கோடைத் தீ முஷிட்டுவின் ஓரத்தைக் கடிக்கும். ஒரு வருடம் ஓரத்து மரங்கள் கருகினால் அந்த இடத்தில் வெயில் விழும், வெயில் விழுந்தால் புல் வரும், புல் வந்தால் அடுத்த வருடத் தீ இன்னும் உள்ளே வரும். சதுப்புக் காட்டை யாரும் கோடரியால் வெட்ட வேண்டியதில்லை. புல் நுழைந்தால் போதும்.

இதில் வௌவால்களும் உடந்தை. அவை முறித்துப்போடும் கிளைகள் மேற்கூரையில் ஓட்டை போடுகின்றன. வௌவால் தங்கும் மரங்களில் சேதம் மிகுதி என்று அளந்தே காட்டியிருக்கிறார்கள். தங்கும் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டே தங்குகிற உயிர். சில ஹெக்டேர்தான் மிச்சம் என்றான இடத்தில்தான் இது ஆபத்து. முஷிட்டுகள் நிறைய இருந்தால் இந்த வருடம் இது, அடுத்த வருடம் அது என்று மாறிக்கொள்ளலாம், அடிபட்டது ஆறிக்கொள்ளும்.

மே மாதத்துத் தீயைப் படம் பிடிக்க யாரும் வருவதில்லை. வௌவால் பருவத்துக்கு வரும் பயணிகளின் பணம் ஒன்றிரண்டு மாதங்களில் வந்து முடிகிறது. அதுவும் செம்மண் சாலைகள் சேறாகும் மழைத் தொடக்கத்தில். காவலர் சம்பளமோ பன்னிரண்டு மாதமும். கம்பிச் சுருக்குகளைத் தேடி எடுப்பது, தீத்தடுப்புக் கோடு வெட்டுவது, பாலம் கட்டுவது எல்லாம் வௌவால்கள் வேறு நாட்டில் இருக்கும்போது நடக்கும் வேலைகள். 2020-இல் பெருந்தொற்று பயணிகளை நிறுத்தியபோதும் மே மாதத்தில் புல் காயத்தான் செய்தது.

*

கசாங்காவைப் பற்றிச் சொல்பவர்கள் எல்லாரும் சொல்லும் ஒரு கதை உண்டு. பொதுவாக இப்படிப்பட்ட தோற்றக் கதைகளை நான் நம்புவதில்லை. இதை நம்புகிறேன், காரணம், இதில் வீரம் இல்லை, தர்க்கம் மட்டும் இருக்கிறது.

1972-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம் இது. பிறகு தாமிர விலை வீழ்ந்து, ஜாம்பிய அரசிடம் காசில்லாமல் போனது. பூங்காக்கள் தாளில் மட்டும் இருந்தன. நாடு முழுதும் கள்ள வேட்டை. காண்டாமிருகம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கசாங்காவில் விலங்கே இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். பாலம் இல்லை, பாதை இல்லை. 1985-இல் டேவிட் லாய்ட் என்ற ஆங்கிலேயர், ஜாம்பியாவில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர், இங்கே வந்தார். துப்பாக்கிச் சத்தம் கேட்டார். சுடுகிறார்கள் என்றால் சுடுவதற்கு ஏதோ இன்னும் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது.

பக்கத்து நிலக்காரர் ஒருவரும் சேர்ந்துகொண்டார். உள்ளூர் ஆட்களை வேலைக்கு வைத்தார்கள், பாதையும் பாலமும் போட்டார்கள். கசாங்கா டிரஸ்ட் உருவானது. 1990-இல் அரசோடு ஒப்பந்தம் ஆனது. ஜாம்பியாவில் ஒரு தேசியப் பூங்காவைத் தனியார் அறக்கட்டளை நிர்வகிப்பது அதுவே முதல் தடவை. இன்று ஆப்பிரிக்கா முழுதும் இந்த ஏற்பாடு பரவலாகிவிட்டது. சாட்டின் ஜக்கூமா முதல் ருவாண்டாவின் அக்காகெரா வரை. வெளியார் கையில் தேசிய நிலமா என்ற கேள்வி நியாயமானது. பணமில்லாத அரசின் கையில் விட்டால் துப்பாக்கிச் சத்தமும் ஒரு நாள் நின்றுபோகும் என்ற பதிலும் நியாயமானதே. எனக்கு இதில் ஒரு பக்கம் சாயத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் சொல்லலாம். லாய்ட் வந்து சொன்ன பிறகுதான் கசாங்காவில் காக்க இன்னும் ஏதோ இருக்கிறது என்பது வெளியே தெரிந்தது. அக்கம்பக்கத்து லாலா மக்கள் முஷிட்டுவின் மேல் எழும் அந்தக் கறுப்பு ஆற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு அது மழை வரப்போகிற காலத்தின் ஒரு பகுதி. அதற்கு எண் தேவைப்பட்டிருக்காது.

*

பூங்காவிலிருந்து அதிகத் தொலைவில்லாத, சித்தாம்போ என்ற தலைவரின் ஊரில்தான் ஆய்வுப் பயணி டேவிட் லிவிங்ஸ்டன் 1873 மே மாதத் தொடக்கத்தில் இறந்தார். மழைக்காலம் முழுதும் பங்க்வேலு சதுப்பில் அலைந்து, வயிற்றுப்போக்கும் ரத்தப்போக்குமாய், கடைசியில் தூக்குப் படுக்கையில் வந்து சேர்ந்தார். தேடிக்கொண்டிருந்தது நைல் ஆற்றின் தொடக்கத்தை. அவர் பார்த்த நீரெல்லாம் லுவாபுலா வழியாகக் காங்கோ ஆற்றுக்குப் போகும் நீர். நைலுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

அவருடைய இதயத்தை உடன் வந்தவர்கள் ம்புண்டு மரத்தடியில் புதைத்தார்கள். உடலை உப்பிட்டு வெயிலில் உலர்த்தி, கடற்கரையிலிருந்த பாகமோயோவரை சுமந்து போனார்கள். சுமந்தவர்களில் சூமா, சூசி பெயர்கள் பலருக்குத் தெரியும். மரத்தில் பெயரும் தேதியும் செதுக்கியவர் ஜேக்கப் வெயின்ரைட். அடிமைக் கப்பலிலிருந்து மீட்கப்பட்டு, நம் நாசிக் அருகே இருந்த மிஷன் பள்ளியில் எழுதப் படித்தவர். மத்திய ஆப்பிரிக்கக் காட்டில் ஒரு மரப்பட்டையில் வெட்டப்பட்ட அந்த ஆங்கில எழுத்துகளுக்குப் பின்னால் மகாராஷ்டிரத்தின் ஒரு வகுப்பறை இருக்கிறது. மரத்தை 1899-இல் வெட்டி, எழுத்துள்ள துண்டை லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். இப்போது அங்கே நினைவுத்தூண்.

வௌவாலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், திசைதான். கசாங்காவின் ஓடைகள் போகும் காங்கோப் படுகையின் பக்கம்தான் வௌவால்களும் போகின்றன.

*

அது எப்படித் தெரிந்தது? ஹைடி ரிக்டர், கிரேம் கம்மிங் என்ற இரு ஆய்வாளர்கள் கசாங்காவில் நான்கு வௌவால்களைப் பிடித்துச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி அனுப்பினார்கள். 2008-இல் வெளியான முடிவு: வடக்கே காங்கோவுக்குள் போயின. அவற்றில் ஒன்று ஐந்து மாதத்துக்குள் 2,500 கிலோமீட்டருக்கு மேல் பறந்திருந்தது.

நான்கே நான்கு. மற்றவை எங்கெங்கே பிரிந்து போகின்றன, யார் யாருடைய மரங்களில் தொங்குகின்றன என்பதற்கு இந்த நான்கும் ஒரு நூலிழைதான். ஆனால் அந்த இழை ஒன்றைத் தெளிவாக்கியது. கசாங்காவில் யாரும் ஒரு வௌவாலையும் தொடாமல் பத்து வருடம் காத்தாலும், வருடத்தின் பெரும்பகுதி அவை அந்தக் காவலுக்கு வெளியே. இந்த வௌவால் ஆப்பிரிக்காவின் பல ஊர்களில் உணவு. கானாவில் மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 1,28,000 வௌவால்கள் இறைச்சிக்கு விற்பனையாகின்றன என்று 2011-இல் ஒரு கணக்கு வந்தது. இதை அருவருத்துப் பேசுவது எளிது. உண்பவர்களுக்கு அது வீட்டுக்குக் கிடைக்கும் கறி, விற்பவர்களுக்குக் கைக்காசு. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த இனத்தை, அழிவை நெருங்கக்கூடியது என்ற வரிசையில் வைத்திருக்கிறது. பத்து லட்சம் ஒரே இடத்தில் கூடும் உயிருக்கு அந்த அடையாளமா என்று தோன்றலாம். கூடுவதுதான் அதன் பலவீனம். எங்கே, எப்போது வரும் என்பது வலை வைத்திருப்பவருக்கும் தெரியும்.

அக்ராவில் இவை தங்குவது ஒரு ராணுவ மருத்துவமனை வளாகத்து மரங்களில். அதற்கு ஊரில் ஒரு கதை வைத்திருக்கிறார்கள். ஏதோ ஓர் ஊரின் தலைவர் நோயுற்று அந்த மருத்துவமனைக்கு வந்தாராம். அவரோடு அவருடைய வௌவால்களும் வந்தனவாம். தலைவர் இறந்துபோனார். அவரை அழைத்துப்போகாமல் திரும்ப மாட்டோம் என்று அவை இன்னும் காத்திருக்கின்றனவாம். வைரஸ் பயம் வந்த வருடங்களில் மரங்களை வெட்டிவிடலாம் என்ற பேச்சு உலகெங்கும் எத்தனையோ ஊர்களில் எழுந்தது. இந்த இனத்தின் உடலில் சில வைரஸ்களின் தடயம் இருப்பது உண்மை. விரட்டினால் அவை இன்னும் பத்து இடத்துக்குச் சிதறும் என்பதும் உண்மை. அப்படிப்பட்ட நேரத்தில் அறிவியல் கட்டுரையைவிட அந்தத் தலைவர் கதைதான் மரத்தைக் காப்பாற்றக்கூடும் என்று நினைக்கிறேன்.

*

மறுபடி கசாங்காவுக்கு. வௌவால்கள் இரவில் பல பத்து கிலோமீட்டர் போய்த் தின்றுவிட்டுத் திரும்புகின்றன. பூங்காவின் 400 சதுர கிலோமீட்டர் அவற்றுக்குப் படுக்கை மட்டும்; சாப்பாடு பெரும்பாலும் எல்லைக்கு வெளியே. வெளியே இருப்பது வேட்டை மேலாண்மைப் பகுதி என்று ஜாம்பிய சட்டம் வகுத்த நிலம். அங்கே ஊர்கள் உண்டு, வயல் உண்டு, வழிவழி உரிமைப்படி ஊர்த்தலைவர்கள் சொல்லுக்கு மதிப்பு உண்டு.

இந்தப் பகுதியின் பழைய விவசாயத்துக்குச் சித்தெமெனே என்று பெயர். பெம்பா மக்கள் மரமேறிக் கிளைகளைக் கழிப்பார்கள். லாலா மக்கள் மரத்தை மார்பளவு உயரத்தில் வெட்டுவார்கள். வெட்டியதை ஓரிடத்தில் வட்டமாகக் குவித்து எரித்து, அந்தச் சாம்பலில் கேழ்வரகு விதைப்பார்கள். சில வருடம் விளைந்தபின் விட்டுவிட்டு வேறிடம் போவார்கள். அடிமரம் மறுபடி துளிர்க்கும். காலனி அதிகாரிகளும் பின்னால் வந்த வல்லுநர்கள் பலரும் இதைக் காட்டழிப்பு என்று திட்டித் தீர்த்திருக்கிறார்கள். மக்கள் பெருகி, நிலம் ஆற அவகாசம் இல்லாமல் போனபோது அதில் உண்மையும் இருந்தது. ஆனால் வெட்டுகிறவர் எல்லா மரத்தையும் வெட்டுவதில்லை. மசூக்கையும் ம்புண்டுவையும் விட்டுவைப்பார். அவர் பிள்ளைகள் தின்ன வேண்டும், மிஞ்சினால் கூடையில் வைத்துச் சாலையோரம் விற்க வேண்டும். வௌவாலை நினைத்து அவர் விடவில்லை. விட்ட மரத்தில் இரவில் வௌவால் தின்கிறது.

2020-ஐ ஒட்டிய வருடங்களில் இந்தச் சுற்றுநிலத்தில் பெருவேளாண்மைக்காகக் காடு திருத்தப்பட்டது. புல்டோசர்கள் வந்தன. சுற்றுச்சூழல் அமைப்புகள் எதிர்த்தன, வழக்குகள் போடப்பட்டன. ஒரு நாட்டுக்கு உணவு வேண்டும், ஊர்க்காரர்களுக்கு வேலை வேண்டும். அந்த வாதத்தை வெளியூரில் உட்கார்ந்து அலட்சியப்படுத்த எனக்கு உரிமை இல்லை. இருந்தாலும் இரண்டு விவசாயமும் ஒரே மாதிரி காட்டைத் தின்கின்றன என்று சொல்லக் கேட்கும்போது ஒப்ப முடிவதில்லை. பெரும் பண்ணைகளில் நடுவில் ஓர் அச்சு, அதிலிருந்து நானூறு ஐந்நூறு மீட்டர் நீளத்துக்கு ஓர் இரும்புக் கை, சக்கரங்களில் உருண்டு வட்டமடித்து நீர் தெளிக்கும். அது சுற்றுவதற்கு வழியில் எதுவும் நிற்கக் கூடாது. அந்த வட்டத்துக்குள் மசூக்கு மரம் ஒன்றே ஒன்று இருந்தாலும் எடுத்தாக வேண்டும்.